புருவத்துக்குப் பதினெட்டு நிபந்தனை

இந்தத் தடவை ஜெயித்தே தீருவது என்று யூஜின் முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, புட்டுக்கும் பயறுக்கும் நடுவில்.

யூஜின் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். மார்த்தாண்டம் வட்டாரத்தில் அவர் பேச்சில் விழாத ஆள் குறைவு. ஆரோக்கியமாக வந்த மனுஷனை எதிரே உட்கார வைத்து, ரோட்டைக் கடந்தால் லாரி வரும், தென்னைக்கு அடியில் நின்றால் தேங்காய் விழும், ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தாலும் நெஞ்சு அடைக்கும் என்று அரை மணி நேரம் அன்போடு எடுத்துச் சொல்வார். வந்தவன் கையெழுத்துப் போட்டுவிட்டு, மேலேயும் கீழேயும் பார்த்தபடி வீட்டுக்கு நடப்பான்.

அப்பேர்ப்பட்டவர் சொந்த வீட்டில் ஒரு வாதத்திலும் ஜெயித்ததில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். சுவரின் நிறம், மகள் படிக்கிற படிப்பு, அவர் மீசையின் நீளம், எல்லாம் மனைவி பிரீனா சொன்னபடிதான். வாசலுக்கு வெளியே ஏஜெண்ட், வாசலுக்கு உள்ளே பேஷண்ட்.

அன்று காலை பிரீனா புட்டைத் தட்டில் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

"கேட்டியளா, நான் புருவத்துக்கு பெர்மனெண்ட் போடப் போறேன்."

"என்னது?"

"பெர்மனெண்ட் மேக்கப். சின்ன ஊசி வச்சு, முடி முடியா வரைஞ்சு சாயம் ஏத்துவாவ. மார்த்தாண்டத்துல ஸ்மைலின்னு ஒரு பிள்ள செய்யுதா."

"பதினாறு வருசம் தற்காலிகமா இருந்த வாத்தியாரையே கெவுர்மெண்டு இன்னும் பெர்மனெண்ட் ஆக்கல்ல. ஒனக்க புருவத்த ஆக்கணுமாக்கும்?"

"நான் கெவுர்மெண்டுட்ட கேக்கல்ல. ஒங்ககிட்டயும் கேக்கல்ல. சொல்லுதேன்."

"வேற பேச்சு பேசு."

"வேற பேச்சுன்னா அடுத்து கண்ணுக்கு மை. அதையும் ஊசியிலயே எழுதலாமாம்."

"எனக்குத் தெரியாம ஒரு மையும் வேண்டாம்!"

"உண்மைய மட்டும் சொல்லுதேன். அந்த மை போருமா?"

யூஜின் புட்டை விழுங்கினார். அது தொண்டையில் நின்றது.

பிரீனா அழகுக்கு அலைகிற பெண் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் தைராய்டு வந்தது. மாத்திரையில் மற்றதெல்லாம் அடங்கியது. ஆனால் இரண்டு புருவத்திலும் வெளிப்பாதி உதிர்ந்தது உதிர்ந்ததுதான். அன்றிலிருந்து தினம் காலையில் கண்ணாடி முன்னால் நின்று பென்சிலால் மீதியை வரைந்துகொண்டுதான் வெளியே இறங்குவாள். போன வருஷம் சபையில், விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகையின்போது கூட்டத்திலும் வெக்கையிலும் ஒரு தடவை முகத்தைத் துடைத்துவிட்டாள். ஒரு புருவம் கர்ச்சீப்போடு போய்விட்டது. ஒரு பக்கம் முழுசு, ஒரு பக்கம் பாதி. கையில் ஏலம் எடுத்த பலாப்பழம். அந்தக் கோலத்தில் எடுத்த போட்டோ சபை வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் சுற்றியது. சிரித்த முகப் பொம்மைகள் மட்டும் நாற்பத்தியேழு.

அதற்குப் பிறகு அவள் போட்டோவுக்கு நிற்பதில்லை. யாராவது செல்போனைத் தூக்கினால் தூணுக்குப் பின்னால் போய்விடுவாள்.

"இந்த வருசம் பெண்கள் சங்கத்துக்கு நான் செக்ரட்டரி," என்றாள். "ஆண்டு விழாவுல இருபது நிமிசம் மேடையில நின்னு அறிக்கை வாசிக்கணும். நான் அறிக்கையப் பாக்கவா, கர்ச்சீப்பப் பாக்கவா?"

யூஜினுக்கு ஒரு கணம் மனசு இளகத்தான் செய்தது. ஆனால் ஊசி என்று கேட்டதும் அவர் கால்விரல் சுருங்கிவிட்டது. தவிர, இருபத்திரண்டு வருஷத் தோல்வி ஒரு பக்கம் கிடந்து அரித்தது. வேண்டாம் என்று சொன்னால் இன்று சாயங்காலமே போய்விடுவாள். ஆகவே வேண்டாம் என்று சொல்லக் கூடாது. அவளையே சொல்ல வைக்க வேண்டும்.

அந்தத் திட்டத்தை அடுத்த வீட்டு ஆபேலிடம் விளக்கினார். ஆபேல் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறவர். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஷீட்டை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எனக்க தொழில் என்ன?"

"ஆளுவளப் பயங்காட்டி கையெழுத்து வாங்குறது."

"அத இப்பம் திருப்பிச் செய்யப் போறேன். பெர்மனெண்ட் மேக்கப் போடதுக்கு முன்னால என்னென்ன தெரிஞ்சிருக்கணும்னு அக்கு வேறு ஆணி வேறா விசாரிச்சு, ஒண்ணொண்ணா அவளுக்கு எடுத்துச் சொல்லப் போறேன். பத்தாவது விசயம் கேக்கும்ப அவளே அய்யோ வேண்டாம்ங்குவா."

ஆபேல் ஒரு ஷீட்டை உதறினார்.

"நானும் ஒருக்க எனக்க வீட்டுல இப்படி விளக்கம் சொன்னேன் மக்கா. மிக்சி வேண்டாம், அம்மியில அரைச்சா ஒடம்புக்கு நல்லதுன்னு."

"பெறவு?"

"இப்பம் ரெண்டு மிக்சி நிக்குது."

யூஜின் அதைக் காதில் வாங்கவில்லை. ஐந்து நாள் விசாரித்தார். தன்னிடம் பாலிசி எடுத்த தோல் டாக்டரைப் பிடித்தார். வீடியோ வீடியோவாகப் பார்த்தார். இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, தலைப்புக்கு அடிக்கோடு போட்டு, பதினெட்டு நிபந்தனை எழுதினார். விசாரித்ததில் சில நல்ல விஷயங்களும் தெரிந்தன. அவற்றை எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியை மாட்டினார். எதிரே பிரீனா. பக்கத்தில் அவருடைய அம்மை தங்கபாய், வயது எழுபத்தொன்று, சாளை மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பிரீனா, நான் ஒனக்கு தடை சொல்லல்ல. ஆனா தெரியாம ஒரு காரியத்துல எறங்கப்பிடாது. ஒண்ணாவது. பேருதான் பெர்மனெண்ட். ஒண்ணு ஒண்ணரை வருசத்துல மங்கிப் போவும். திரும்பத் திரும்பப் புதுக்கணும்."

"புருசனும் அப்படித்தான். அடுத்தது?" பிரீனா தானும் ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

"கர்ப்பிணியளும் பால் குடுக்கவியளும் செய்யப்பிடாது."

"எனக்கு நாப்பத்தினாலு வயசு. அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல."

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை திங்கவியளும், சின்னக் காயம் பட்டாலே தழும்பு தடிச்சு எழும்புற ஒடம்புக்காரவியளும் செய்யப்பிடாது. தைராய்டு உள்ளவிய டாக்டருக்க சீட்டு இல்லாம அங்கோட்டு தலை வச்சுப் படுக்கப்பிடாது."

"டாக்டர் சீட்டு," என்று எழுதினாள்.

"சாயமும் மரப்பு மருந்தும் ஒத்துக்கிடுதான்னு காதுக்குப் பின்னால தொட்டு வச்சு, ரெண்டு நாளாவது பாக்கணும். ஊசி புதுசா இருக்கணும். நம்ம கண்ணு முன்னால கவரப் பிரிக்கணும். சாயக் குப்பியில பேரும் தேதியும் இருக்கணும். முன்ன செஞ்சவியளுக்க போட்டோ பாக்கணும். அதுவும் செஞ்ச அன்னைக்கு எடுத்ததில்ல, ஆறி ஒரு மாசம் கழிஞ்சு எடுத்தது. ஊசி தொடதுக்கு முன்ன பென்சில்ல வரைஞ்சு காட்டணும். கண்ணாடியில பாத்து நீ சரின்னு சொன்னாத்தான் மேக்கொண்டு எதுவும்."

"கொள்ளாம். நல்ல நல்ல விசயமாத்தான் இருக்கு."

யூஜின் தடுமாறினார். பயப்பட வேண்டிய இடத்தில் பாராட்டு வந்தது. குரலைத் தாழ்த்தினார். லாரி வரும் என்று சொல்கிற அதே குரல்.

"பிடிக்கல்லேன்னா அழிக்கணும்னா லேசர். பல தடவை போணும். அப்படியும் முழுசாப் போவாது."

"அதனாலத்தான் மொதல்ல வரைஞ்சு பாக்கச் சொல்லுதிய. சரிதான்."

இனி பிரம்மாஸ்திரம்தான். யூஜின் நோட்டின் பக்கத்தைத் திருப்பினார்.

"செஞ்ச பெறவு பதினாலு நாளு பத்தியம். புருவத்துல தண்ணி படப்பிடாது. வெயில் படப்பிடாது. வேர்க்கப்பிடாது. ஆவி தட்டவே பிடாது. புட்டுக்குடம், சோத்துப்பானை, மீன் சட்டி, ஒண்ணுக்க பக்கத்துலயும் போகப்பிடாது."

"அப்பம் அடுக்களை?"

"காலே வைக்கப்பிடாது!" யூஜின் மேசையைத் தட்டினார்.

பிரீனா அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டாள். யூஜின் கவனித்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் கோடு போட்டால் வாங்கப் போகிறார் என்று அர்த்தம். முப்பது வருஷத் தொழில் அனுபவம் அந்த நேரத்தில் அவருக்குக் கைகொடுக்கவில்லை. ஜெயித்த களிப்பில் அம்மையின் பக்கம் கையை நீட்டினார்.

"இன்னா, அம்மையப் பாரு! எழுவத்தொண்ணு வயசு. ஒரு பென்சில் தொட்டதுண்டா? எப்படி இருக்கு புருவம்! அளவெடுத்த மாதிரி! இதுக்குப் பேருதான் இயற்கை. கஞ்சியும் காணப்பயறும் தின்ன ஒடம்பு."

தங்கபாய்க்குப் புரை ஏறியது. பிரீனா எழுந்து தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

"முள்ளு," என்றாள் தங்கபாய்.

திங்கட்கிழமை பிரீனா ரத்தப் பரிசோதனைக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை டாக்டர் சீட்டு மேசைமேல் இருந்தது. தைராய்டு கட்டுக்குள் இருக்கிறது, செய்யலாம் என்று எழுதி முத்திரை வைத்திருந்தார். புதன்கிழமை காதுக்குப் பின்னால் ஒரு புள்ளியோடு வந்தாள். வெள்ளி வரைக்கும் அந்த இடம் சிவக்கவில்லை, அரிக்கவில்லை. யூஜின் ராத்திரி பகல் பார்க்காமல் அந்தக் காதை எட்டிப் பார்த்தார். காது சுகமாக இருந்தது. அவருக்குத்தான் அரித்தது.

சனிக்கிழமை தானே நேரில் வந்து விசாரிப்பேன் என்று கிளம்பினார். பாலத்துக்குக் கிழக்கே ஒரு துணிக்கடையின் மாடியில் ஸ்மைலினின் அறை. முப்பது வயது இருக்கும். வெள்ளைக் கோட்டு, கையில் உறை, முகத்தில் பேருக்கு ஏற்ற சிரிப்பு. யூஜின் நோட்டை விரித்து போலீஸ்காரர் மாதிரி கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். குப்பியைக் காட்டினாள். தேதியைக் காட்டினாள். ஆறிய பிறகு எடுத்த போட்டோக்களைக் காட்டினாள். அதோடு நிறுத்தாமல், "அங்கிள், இன்னும் மூணு எழுதிக்கிடுங்க," என்றாள். "அன்னைக்கு காப்பி குடிக்காம வரணும், ஆனா வெறும் வயித்துல வரப்பிடாது. பெறவு எப்பமாவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போனா, புருவத்துல சாயம் இருக்குன்னு அங்க சொல்லிரணும். ஆறு வாரம் கழிஞ்சு ஒருக்க வந்து விட்ட இடத்த நெரப்பணும்."

யூஜின் எழுதிக்கொண்டார்.

"இவ்வளவு வெவரமா கேட்ட மொத ஆளு நீங்கதான் அங்கிள். எல்லா வீட்டுலயும் ஆம்பிளைய வேண்டாம்னு ஒத்த வார்த்தை சொல்லிட்டு டிவி பாப்பாவ. நீங்க ஆன்ட்டி மேல எவ்வளவு கரிசனமா இருக்கிய!"

யூஜினுக்குத் தன்னை அறியாமல் முகம் மலர்ந்தது. உடனே சுதாரித்துக்கொண்டு, "ஊசி. ஊசியக் காட்டணும்," என்றார் விறைப்பாக.

ஸ்மைலின் ஒரு கவரை எடுத்து அவர் கண்முன்னால் பிரித்தாள். ஒரு சின்னத் தகட்டின் முனையில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு ஊசி, விளக்கு வெளிச்சத்தில் மினுமினுவென்று.

ஆயிரம் பேரை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிய யூஜின் ஒருநாளும் தனக்கு எடுத்துக்கொண்டதில்லை. "பத்தாம்..." என்று ஏதோ நம்பரைச் சொல்ல வாய் எடுத்தார். மாடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

கண் திறந்தபோது சோபாவில் கிடந்தார். ஸ்மைலின் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"அங்கிள் காலையில ஒண்ணும் சாப்பிடல்லியா?"

"அஞ்சு ஆப்பம் தின்னாவ," என்றாள் பிரீனா.

வீட்டுக்குத் திரும்பி வரும்போது யூஜினுக்கு நிலைமை புரிந்துவிட்டது. பதினேழு நிபந்தனை ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று. பதினெட்டாவதை யாராலும் தாண்ட முடியாதபடி இறுக்கிக் கட்ட வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார்.

"கடைசி நிபந்தனை. போட்டோவ நான் நம்பமாட்டேன். நம்ம குடும்பத்துல ஒரு ஆளு இத செஞ்சிருக்கணும். செஞ்சு ஆறு மாசமாவது கழிஞ்சிருக்கணும். நான் நேருல, பகல் வெளிச்சத்துல பாக்கணும். நல்லாருக்குன்னு எனக்க வாயால நானே சொல்லணும். அப்பம் நீ செய்யி. நான் மறுவார்த்த பேசமாட்டேன்."

குடும்பத்துப் பெண்களை மனசுக்குள் ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். குலசேகரத்தில் அக்கா, முகத்துக்குப் பவுடரே போடாதவள். பிரீனாவின் தங்கைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். பகல் வெளிச்சத்துக்கு வர வழியே இல்லை.

பிரீனா கொஞ்சம் யோசித்தாள்.

"நல்லாருக்குன்னு இனிமே சொல்லணுமா, முன்னயே சொல்லியிருந்தாலும் போருமா?"

"எப்பம் சொன்னா என்ன? எனக்க வாயால சொன்னதா இருக்கணும். அவ்வளவுதான்."

"மாமீ," என்று பிரீனா உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள், "கொஞ்சம் முற்றத்துக்கு வாங்க. வெளிச்சத்துல நில்லுங்க."

தங்கபாய் வந்து நின்றாள். மத்தியானம் பன்னிரண்டு மணி வெயில். யூஜின் அம்மையைப் பார்த்தார். பிரீனாவைப் பார்த்தார். மறுபடியும் அம்மையின் முகத்தைக் கிட்டே போய்ப் பார்த்தார். இருபுறமும் ஒரே அளவு. தலைமுடி பஞ்சாக வெளுத்திருக்கிறது, புருவம் மட்டும் கறுப்பு கலந்த சாம்பலில் திருத்தமாக இருக்கிறது. ஐம்பது வருஷமாகப் பார்க்கிற முகம். அதில் எட்டு மாசமாக இருக்கிற மாற்றம் அவர் கண்ணில் படவே இல்லை.

"அம்மா!"

"சத்தம் போடாத லேய். பக்கத்து வீட்டுல கேக்கும்."

"எப்பம்?"

"குலசேகரத்துக்கு அக்கா வீட்டுக்குப் போய் ரெண்டு வாரம் நின்னேன்லா, அப்பம். திரும்பி வந்தன்னைக்கு நீதான் சொன்ன, மலைக்காத்து ஒத்துக்கிட்டு, மொகம் தெளிஞ்சு போச்சுன்னு."

"அதுக்குப் பெறவு கிறிஸ்மஸ் போட்டோ பாத்து ஒருக்க சொன்னிய," என்றாள் பிரீனா. "போன ஞாயித்துக்கிழமை மேசையில கைய நீட்டிச் சொன்னிய. மொத்தம் மூணு தடவ. ஒங்க வாயால."

"ஒனக்கு இந்த வயசுல என்னத்துக்கும்மா இது?"

தங்கபாய் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புருவம் அசையவில்லை.

"நானா கேட்டேன்? ஒனக்க பொண்டாட்டி அந்தப் பலாப்பழப் போட்டோ வந்தன்னைக்கு அடுக்களையில இருந்து அழுதா. நீ பாத்தியா? நீயும் சேந்து சிரிச்ச. இவள அந்த ஸ்மைலின் பிள்ளைக்க கிட்ட கூட்டிட்டுப் போனேன். ரெண்டு பேருக்கும் பேடி, பயந்து நின்னோம். இவ சின்னவ, ஏதாவது ஆயிட்டுதுன்னா? எனக்கு வந்தா வரட்டும்னு டாக்டர்ட்ட கேட்டுட்டு நான் முன்ன படுத்தேன். எட்டு மாசம் ஒண்ணும் வரல்ல. இனி இவளுக்குச் செய்யலாம்."

யூஜின் முற்றத்தில் நின்றார். நாற்பத்தியேழு சிரித்த முகங்களில் ஒன்று அவர் போட்டது. அது இப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"சரி," என்றார்.

அடுத்த வியாழக்கிழமை பிரீனாவுக்குப் புருவம் ஆயிற்று. யூஜின் கூடவே போனார், ஆனால் கீழே துணிக்கடையில் உட்கார்ந்திருந்தார். மூன்று மணி நேரத்தில் ஏழு சேலை பார்த்தார்.

மறுநாள் காலையில் அவள் முகத்தைப் பார்த்து அலறிவிட்டார்.

"ஏட்டி, என்னதிது! எனக்க மீச ரெண்டா மேல ஏறின மாதிரி இருக்கு! கன்னங்கரேல்னு!"

"ஒங்க நோட்டுல பதிமூணு பாருங்க."

பதிமூன்றைப் பார்த்தார். 'முதல் வாரம் நிறம் மிக அடர்த்தியாகத் தெரியும்.' தன் கையெழுத்துத்தான். மிரட்டுவதற்காகப் பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தார்.

ஏழாம் நாள் பொருக்குப் பொருக்காக உரிந்தது. "அய்யோ, எல்லாம் போச்சு!" என்று ஓடி வந்தார்.

"பதினாலு. சொறியப்பிடாது, தானா உரியணும், ஒரு மாசத்துல நெறம் தெளியும்னு எழுதியிருக்கிய. என்ன வெப்ராளம் ஒங்களுக்கு? நீங்க எழுதினத நீங்களே நம்பமாட்டியளா?"

இதற்கெல்லாம் நடுவில் அடுக்களை. பிரீனா அந்தப் பதினாலு நாளும் அடுக்களை நிலைப்படியைத் தாண்டவில்லை. முன்னறையில் மின்விசிறிக்கு அடியில் சாய்ந்திருந்து அறிக்கை எழுதினாள். அம்மையாவது வருவாள் என்று யூஜின் திரும்பினால், தங்கபாய், "ஆவி எனக்கும் ஒத்துக்கிடாது மக்களே," என்று மருமகள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஊசி வைத்து எட்டு மாசம் ஆனவளுக்கு என்ன ஆவி என்று முணுமுணுத்தபடி அவர் அரிசியைக் கழுவினார்.

முதல் நாள் சோறு கஞ்சியாயிற்று. இரண்டாம் நாள் கஞ்சி கரியாயிற்று. மூன்றாம் நாள் புட்டுக்குழலில் புட்டு ஏறியது, இறங்க மறுத்தது. முன்னறையிலிருந்து இரண்டு குரல் மாறி மாறி வந்துகொண்டிருந்தது.

"மல்லிய வறுக்க மணம் வரல்லியே?"

"வறுக்கேன்!"

"இப்பம் கரியுத மணம் வருது!"

"எறக்குதேன்!"

நாலாம் நாள் பின்பக்கத்துப் படியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது சுவருக்கு மேலே ஆபேலின் தலை தெரிந்தது.

"மக்கா, சொன்ன மாதிரி அவ வாயால வேண்டாம்னு சொல்ல வச்சியா?"

"வச்சேன் அண்ணே."

"கெட்டிக்காரன்! என்னத்த வேண்டாம்னா?"

"அடுக்களைய."

ஆபேலின் தலை மெல்ல இறங்கிப் போயிற்று.

பத்தாம் நாள் ஒரு காரியம் நடந்தது. யூஜின் வைத்த மீன் கறியைத் தங்கபாய் இரண்டாம் தடவை வாங்கி ஊற்றினாள். பிரீனா சட்டியை வழித்துச் சாப்பிட்டாள். யூஜினுக்குப் பெரிய பாலிசி ஒன்று முடித்த மாதிரி இருந்தது. பதினைந்தாம் நாள் பிரீனா அடுக்களைக்குள் நுழைந்தபோது, புளி எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவரிடம் கேட்க வேண்டியிருந்தது.

ஆண்டு விழா நடந்த மண்டபத்தில் அன்று நல்ல கூட்டம். பிரீனா அறிக்கையை விரித்து நாலு வரி வாசிப்பதற்குள் கரண்ட் போனது. ஜெனரேட்டரில் மைக் வந்தது, மின்விசிறி வரவில்லை. மண்டபம் கொதித்தது. மேடைக்குக் கீழே மூன்றாவது வரிசையில் இரண்டு பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். போன வருஷத்துப் பலாப்பழப் போட்டோவை எடுத்தவரும் அவர்களில் ஒருவர். பிரீனாவின் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்குவது கடைசி வரிசையிலிருந்த யூஜினுக்கே தெரிந்தது.

அவள் வாசிப்பதை நிறுத்தினாள். கர்ச்சீப்பை எடுத்தாள். செல்போன் பிடித்தவர்களைப் பார்த்தபடியே, நெற்றியில் ஆரம்பித்து, இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும், அழுத்தி, அவசரமில்லாமல் துடைத்தாள். கர்ச்சீப்பை நாலாக மடித்து வைத்தாள். இரண்டு புருவமும் வைத்த இடத்தில் இருந்தன.

"ரெண்டாவது, நலத்திட்டங்கள்," என்று வாசிக்க ஆரம்பித்தாள்.

மண்டபத்தில் எங்கோ ஒரு பெண் கை தட்டினாள். நலத்திட்டத்துக்கு என்று நினைத்து எல்லாரும் தட்டினார்கள். அது அடங்க வெகுநேரம் ஆயிற்று. யூஜின் எழுந்து நின்று தட்டினார். ஒரு வருஷமாகத் தூணைத் தேடிய பெண், கடைசியில் எடுத்த குழுப் படத்தில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

விருந்தில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். யூஜின் இடையில் புகுந்தார்.

"எல்லாம் நான் விசாரிச்சுச் செய்ய வச்சது. சும்மா போய்ப் படுத்திரப்பிடாது. பதினெட்டு விசயம் இருக்கு. ஒண்ணாவது..."

அரை மணி நேரம் பேசினார். பிரியாணி ஆறிப்போனது. அன்று மட்டும் ஏழு பேர் ஸ்மைலினின் நம்பரை அவரிடம் வாங்கிக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வரும்போது அவர் நடையே மாறியிருந்தது. எப்படிப் பார்த்தாலும் இது தன்னுடைய வெற்றிதான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

ஆறு வாரம் முடிந்ததும் விட்ட இடத்தை நிரப்ப மறுபடியும் ஸ்மைலினிடம் போனார்கள். தங்கபாயும் கூட வந்தாள். யூஜின் இந்தத் தடவை கம்பீரமாக மாடி ஏறினார். ஸ்மைலின் நாற்காலி போட்டாள், இளநீர் கொடுத்தாள். வேலை முடிந்ததும் கேட்டாள்.

"ஆன்ட்டி, ஒதட்டுக்கு எப்பம் செய்யலாம்?"

"ஒதட்டுக்குமா?" என்றார் யூஜின். கை நோட்டைத் தேடியது. "அதுக்கு என்ன பத்தியம்?"

"எரிப்புக் கறி, சூடு காப்பி ஒண்ணும் ஆவாது அங்கிள். மொத ரெண்டு நாளு வீங்கும். முன்ன ஒதட்டுல கொப்பளம் வந்தவியன்னா டாக்டர்ட்ட கேட்டு மாத்திரை எடுத்துட்டு வரணும். பெறவு ஒரு வாரம், பத்து நாளு, பேச்சக் கொறச்சுக்கிடணும்."

யூஜினின் கை நின்றது.

"எதக் கொறச்சுக்கிடணும்?"

"பேச்ச. வாய அதிகம் அசைக்கப்பிடாது. பேசாமலே இருந்தா இன்னும் நல்லது. நெறம் ஒழுங்காப் பிடிக்கும்."

பத்து நாள். வீட்டில் சத்தமில்லாத பத்து நாள். யூஜினின் உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி பரவியது. நோட்டைப் பைக்குள் வைத்தார். ஒரு நிபந்தனையும் இல்லை, ஒரு கேள்வியும் இல்லை.

"நான் என்னைக்கு ஒனக்க ஆசைக்குக் குறுக்க நின்னிருக்கேன் பிரீனா? சம்மதம். பரிபூரண சம்மதம்."

"நெசமாவா? பெறவு மாறப்பிடாது."

"யூஜினுக்கு வாக்கு ஒண்ணு! எங்க கையெழுத்துப் போடணும்?"

பிரீனா படிவத்தை நீட்டினாள். போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி வைத்திருந்தாள், அவர் வாடிக்கையாளர்களுக்கு வைத்துக் கொடுக்கிற மாதிரியே. அவரும் அவர்களைப் போலவே குறியை மட்டும் பார்த்தார். நீட்டி முழக்கிக் கையெழுத்துப் போட்டு, கீழே தேதியும் போட்டார்.

"அந்தப் பக்கமாத் திரும்புங்க அங்கிள்," என்றாள் ஸ்மைலின், கையில் உறையை மாட்டிக்கொண்டு. "காதுக்குப் பின்னால சாயம் தொட்டு வைக்கணும்."

"எனக்கு என்னத்துக்கு?"

"பின்ன, டெஸ்ட் செய்யாம எப்படி? நீங்க சொன்னதுதானே."

யூஜின் படிவத்தை இழுத்துப் பார்த்தார். செய்துகொள்பவர் பெயர் என்ற இடத்தில் பிரீனாவின் உருட்டி எழுதுகிற கையெழுத்து. யூஜின். வயது ஐம்பத்திரண்டு.

"நீ வலிச்ச சிகரெட்டுதான் லேய்," என்றாள் தங்கபாய், சோபாவில் வசதியாகச் சாய்ந்துகொண்டு. "விட்டு பத்து வருசமாச்சு. ஒதட்டுல கறுப்பு இன்னும் போகல்ல. நானும் இவளும் பேசித்தான் முடிவு பண்ணினோம்."

யூஜின் வாயைத் திறந்தார்.

"மூடுங்க," என்றாள் பிரீனா. "இப்பமே பழகிக்கிட்டா, பெறவு கஷ்டமா இருக்காது."